நாலு புள்ளி ரெண்டு

கடிதம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க நாத்தனார் அதன்மேல் உப்பு ஜாடியைத் தூக்கி வைத்திருந்தாள். பறந்துதான் போகட்டுமே என்று நினைக்காதவர் அந்த வீட்டில் ஒருவருமில்லை. ஆனாலும் ஜாடியை எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

மேனேஜர் அனுப்பிய கடிதத்தில் நாலே வரி. மூன்றாம் குளிர் அறையின் வாசல் வெப்பநிலை மீட்டரைத் தவறாகப் படித்து, நல்ல நிலையில் இருந்த தடுப்பு மருந்தை ஏற்றவிடாமல் சனிக்கிழமை லாரியைத் திருப்பி அனுப்பியது தன்னுடைய கவனக்குறைவுதான் என்று குளிர் அறைப் பொறுப்பாளர் ஒப்புக்கொள்கிறார். 'ஏற்றக்கூடாது' என்று தான் எழுதிவைத்த சீட்டைத் திரும்பப் பெறுகிறார். இனி இப்படி நடக்காது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு லாரி மறுபடி வரும். அதற்குள் கையெழுத்து வந்தால் வேலை இருக்கும், வராவிட்டால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

இன்றைக்குத்தான் திங்கட்கிழமை. ஏழு மணிக்கே வெயில் சன்னல் கம்பியைச் சுட வைத்திருந்தது.

குடோனில் அவரை ஐஸ்காரர் என்பார்கள். பதினெட்டு வருஷமாகக் கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டு வேலைக்குப் போகும் ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவருடைய மனைவி அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இருந்தாள். எந்த அறை எத்தனை டிகிரி, எந்தப் பெட்டி எங்கே என்றெல்லாம் காட்டும் பெரிய திரையைக் கட்டியதும் கவனிப்பதும் அவள்தான். எல்லாரும் அதைப் போர்டு என்பார்கள், அவளைப் போர்டம்மா என்பார்கள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள் ஐஸ்காரரின் அக்கா, கடிதத்தின்மேல் ஜாடி வைத்த நாத்தனார். அவளுடைய கத்தரிக்கோலைவிட நாக்குக்குக் கூர்மை அதிகம்.

"முட்டையாவது தின்னுடா. பட்டினி கிடந்தா அவன் வந்து உன் கால்ல விழப்போறானா?" என்றாள் அக்கா.

"இறங்கல அக்கா."

"நேத்தும் இறங்கல, இன்னிக்கும் இறங்கல. உனக்கு என்ன தொண்டையில கதவா போட்டிருக்கு?"

ஐஸ்காரர் தட்டைத் தள்ளினார். அவர் பக்கத்தில் ஒரு நோட்டு. நீல அட்டை, மூலையெல்லாம் ஈரத்தில் ஊறி மடங்கிப்போனது. இரண்டு மணிக்கு ஒருமுறை வாசல் மீட்டரைப் பார்த்து அதில் எழுதுவார். யாரும் எழுதச் சொன்னதில்லை. போர்டு வந்தபிறகு அது தேவையுமில்லை. ஆனாலும் எழுதுவார்.

"சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு ஒன்பது. எட்டு மணிக்குப் பதினொண்ணு. மத்தியானம் பதினாலு," என்று நோட்டைத் தட்டினார். "எட்டைத் தாண்டினா அந்த மருந்து தண்ணிக்குச் சமம். ஊசி குத்தும், குழந்தை அழும், அவ்வளவுதான். நோயைத் தடுக்காது. நான் மேனேஜருக்கு ஏழு தடவை ஃபோன் பண்ணினேன். ஏழு தடவையும் ஒரே பதில். 'போர்டுல நாலு புள்ளி ரெண்டு காட்டுதுய்யா, பச்சையா இருக்குய்யா, உன் வாசல் மீட்டரைத் தூக்கிக் குப்பையில போடு'ன்னு. நான் பொய்யனாம், உன் போர்டு அரிச்சந்திரனாம்."

கடைசி வாக்கியம் மனைவியைப் பார்த்து வந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

"என் போர்டு மேல ஏன் பாயுறீங்க? அது தானா எதையும் சொல்லாது. மீட்டர்ல வர்றதை எடுத்துக் காட்டும்."

"அப்ப எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வேறெப்படிச் சொன்ன? மீட்டர் ஒண்ணு காட்டுது, போர்டு ஒண்ணு காட்டுது. ரெண்டுல ஒண்ணு பொய். போர்டு பொய் சொல்லாதுன்னா மிச்சம் யாரு? நான்தானே?"

"மெக்கானிக் ஞாயித்துக்கிழமை வந்து மிஷினைச் சரி பண்ணினாரே, அவரைக் கேக்கச் சொல்லுங்க."

"கேட்டாச்சு. 'அவன் உன் சிநேகிதன், சேர்ந்து பேசுறீங்க'ன்னுட்டான். இப்ப போய்ப் பார்த்தா மீட்டரும் நாலு, போர்டும் நாலு. பதினாலு எங்க போச்சுன்னு கேக்குறான். என் பாக்கெட்லயா வச்சிருக்கேன்?"

அக்கா மெஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள். "கையெழுத்து போட்டுடேன்டா. பதினெட்டு வருஷ வேலை. நாலு வரிக்கு என்ன வந்துச்சு?"

"போட்டா அந்த மருந்துப் பெட்டியெல்லாம் இன்னிக்கே போயிடும் அக்கா."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். இது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

போர்டம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோபத்தோடுதான் கிளம்பினாள். கோபம் மேனேஜர் மேல் பாதி, கணவன் மேல் பாதி. போர்டைச் சொன்னால் அவளைச் சொன்ன மாதிரி. இரண்டு வருஷம் அவள் உயிரைக் கொடுத்துக் கட்டியது அது.

அலுவலகத்தில் முதல் காரியமாக மூன்றாம் அறையைத் திறந்து பார்த்தாள். நாலு புள்ளி ரெண்டு. பச்சை. சனிக்கிழமைக்குப் போனாள். நாலு புள்ளி ரெண்டு. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி, கணவர் பதினாலு என்று எழுதிய நேரம். அங்கேயும் நாலு புள்ளி ரெண்டு.

நாள் முழுவதும் ஏறி இறங்குவதை ஒரே கோடாக வரைந்து காட்டும் படத்தைத் திறந்தாள். குளிர் அறையின் கோடு ரம்பப் பல் மாதிரி இருக்கும். கதவைத் திறந்தால் ஏறும், மிஷின் ஓடினால் இறங்கும், மறுபடி ஏறும். வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு நேர்கோடு. முதல் அறை, இரண்டாம் அறை, ஐந்தாம் அறை, எல்லாமே நேர்கோடு. நாலு நாளாக ஒரு கதவுகூடத் திறக்கவில்லையா? ஒரு மிஷின்கூட ஓடவில்லையா? செத்தவன் நாடிதான் அப்படி ஓடும்.

வெள்ளிக்கிழமை முழுக்க இதே திரை முன்னால்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். பச்சை என்றால் யாரும் எண்ணைப் பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை.

புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினாள். சக்கரம் சுற்றியது, நின்றது. நாலு புள்ளி ரெண்டு. இன்னொரு முறை. அதேதான்.

இணைப்பு அறுந்திருக்கிறது. அறுந்தால் மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து சொல்ல வேண்டும். கீழே 'கடைசியாக வந்தது இத்தனை மணிக்கு' என்று நேரம் நிற்க வேண்டும். இரண்டும் ஏன் இல்லை என்று யோசிக்க ஆரம்பித்தவள், பாதியிலேயே கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு இடத்திலும் வெள்ளைக் கட்டம் இருந்தது. அதை ஒட்டியவள் அவள்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வந்தபோது, முன்கூடத்துத் திரையில் ஐந்து நிமிஷம் மஞ்சள் பட்டை வந்து நின்றுவிட்டது. ஐந்தே நிமிஷம். அவர்கள் போனதும் மேனேஜர் அவள் மேசைக்கு வந்து குதி குதியென்று குதித்தார். "வந்தவங்க முன்னாடி மானம் போச்சு! அந்த மஞ்சப் பட்டை இனிமே என் கண்ணுலயே படக்கூடாது. நேரமும் வேணாம். எண்ணு மட்டும் இருந்தாப் போதும்."

"சார், இணைப்பு போனா தெரியணுமே?" என்று அவளும் கேட்டாள். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

"போனா உங்களுக்குத் தெரிஞ்சா போதும். ஊருக்கே எதுக்குத் தெரியணும்? சொன்னதைச் செய்ங்கம்மா."

செய்தாள். எழுதிக் கேட்கவில்லை. இன்னொருமுறை வாயைத் திறக்கவுமில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்கிறார்களே என்று கூசிக்கொண்டு, பின்னணி நிறத்திலேயே ஒரு கட்டம் வரைந்து பட்டையின்மேல் ஒன்று, நேரத்தின்மேல் ஒன்று ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான். சோற்றை அள்ளிப் போட்ட கை அவளுடையது.

இரண்டு கட்டத்தையும் நகர்த்தினாள். அடியில் எல்லாம் பத்திரமாக இருந்தது. 'மூலத்துடன் இணைக்க முடியவில்லை.' 'கடைசியாக வந்தது: வியாழன், மாலை 6.30.'

நாலு நாளாக அந்த இரண்டு வரியும் அங்கேயே நின்று கத்திக்கொண்டு இருந்திருக்கின்றன.

எங்கே அறுந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அறையில் மீட்டர், மீட்டரிலிருந்து குடோன் கம்ப்யூட்டர், அங்கிருந்து கால் மணிக்கு ஒருமுறை எண்களை எடுத்துவரும் இணைப்புப் பெட்டி, பிறகு போர்டு. குடோன் கம்ப்யூட்டர் கூப்பிட்டால் பதில் கொடுத்தது. லைனில் கோளாறு இல்லை. பெட்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கால் மணிக்கு ஒருமுறை அது குடோன் கதவைத் தட்டுவதும், 'உன்னைத் தெரியாது போ' என்று குடோன் விரட்டுவதுமாக நாலு நாள் ஓடியிருந்தது. பெட்டி எந்தப் பெயரைச் சொல்லித் தட்டியது என்று பார்த்தாள். ஸ்டோர் கிளார்க் பெரியவரின் பெயர். அவர் வியாழக்கிழமைதான் ஓய்வு பெற்றுப் போனார்.

நெட்வொர்க் பார்க்கும் ஆளை எல்லாரும் ஒயர்க்காரர் என்பார்கள். அவரைக் கூப்பிட்டாள்.

"பெரியவரோட லாகினை எப்ப மூடினீங்க?"

"வியாழக்கிழமை சாயங்காலம், ஆறே முக்கால் இருக்கும். ரிட்டயர் ஆனா அன்னிக்கே மூடணும்னு ரூல் மேடம்."

"அந்தப் பேர்லதான் போர்டுக்கு இணைப்பே ஓடிச்சு."

"அது எனக்கு எப்படி மேடம் தெரியும்? எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

எழுதி வைக்கவில்லை. பெட்டி வைத்த அன்று குடோனில் இருந்தவர் பெரியவர் ஒருவர்தான். இப்போதைக்கு உங்க பேரைப் போட்டுக்கறோம் ஐயா, அப்புறம் மாத்திக்கலாம் என்றார்கள். எந்த ஆபீசில் அந்த 'அப்புறம்' வந்திருக்கிறது?

"இணைப்பு ஃபெயில் ஆனா மெயில் வருமே?" என்றாள்.

"வந்திருக்கும் மேடம். பெரியவருக்கு. அவரோட மெயிலையும் சேர்த்துத்தான் மூடினேன்."

நிச்சயப்படுத்திக்கொள்ளப் பெரியவர் வீட்டுக்கே ஃபோன் போட்டாள். மனிதர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அடப்பாவிகளா! ரெண்டு வருஷமா நான் தூங்கும்போதுகூட என் பேரை வேலை வாங்கியிருக்கீங்களே. சொல்லியிருந்தா போகும்போது யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டுப் போயிருப்பேனேம்மா." கொஞ்சம் நிறுத்தி, "ஐஸ்காரனை ஏதோ பண்றாங்களாமே? அவன் நோட்டு தப்பாது. முப்பது வருஷம் ஸ்டோர்ல இருந்தவன் சொல்றேன்," என்றார்.

ஃபோனை வைத்துவிட்டுக் குடோன் கம்ப்யூட்டரை மறுபடி பார்த்தாள். சந்தோஷமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. சனிக்கிழமை எண்கள் எங்கும் போகவில்லை. குடோன் கம்ப்யூட்டரில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. செல்லுகிற பெயர் ஒன்றைக் கொடுத்துக் கதவைத் தட்டினால் போதும், நாலு நாளும் வந்து கொட்டிவிடும்.

மேனேஜரிடம் ஓடினாள். மணி ஒன்றரை. அவர் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைக் கட்டத்தையும் சேர்த்துத்தான் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவளுக்கு நம்பிக்கைகூட வந்தது. பாவம்.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

"பத்து நிமிஷம் சார். புது லாகின் ஒண்ணு கொடுக்கச் சொன்னீங்கன்னா..."

"நாளைக்குக் காலையில பண்ணுங்க."

"சார், நாலு மணிக்கு லாரி வருது. இப்ப சரி பண்ணினா சனிக்கிழமை எண்ணு எல்லாம் வந்துடும்."

"அதனாலதான்மா நாளைக்குன்னு சொல்றேன்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இதுவரைக்கும் அந்த ஆள் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த நிமிஷம் நம்பிவிட்டார். நம்பியபிறகும் லாரி போக வேண்டும் என்கிறார்! தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை என்ன செய்வது?

"சார், அது குழந்தைகளுக்குப் போடுற மருந்து."

"ரெண்டு நாள் கொஞ்சம் சூடு பட்டா ஒண்ணும் ஆகிடாது. உங்க வீட்டுக்காரர் டாக்டரா? அங்க ஆஸ்பத்திரிக்காரன் இன்னிக்கு வரலேன்னா வேற கம்பெனியைப் பார்த்துக்கறேங்கறான். மொத்தக் கம்பெனியையும் நான்தான் தூக்கி நிறுத்திட்டு இருக்கேன்." பல்குச்சியை ஒடித்துப் போட்டார். "இன்னொண்ணு. பட்டையை மறைச்சது யாரு? நானா? எனக்கு அதெல்லாம் பண்ணத் தெரியுமா? நான் சொன்னேன்னு எழுத்துல எங்கயாவது இருக்கா? பாத்துப் பேசுங்க. புருஷனைக் காப்பாத்த நீங்க போர்டுல கை வச்சீங்கன்னுதான் நாளைக்கு ஊர் பேசும்."

"கை வச்சது நான்தான் சார். எட்டு மாசத்துக்கு முன்னாடியே வச்சுட்டேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஒயர்க்காரர் புது லாகின் தர மறுத்துவிட்டார். மேனேஜர் முந்திக்கொண்டு அவரைக் கூப்பிட்டிருந்தார். "எனக்கும் குடும்பம் இருக்கு மேடம்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். பிறகு அவரே குரலைத் தாழ்த்தி, "உங்க லாகினுக்கே அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்க உரிமை இருக்கு. ஆனா பெட்டியில பேரை மாத்தணும்னா குடோனுக்கு நேர்ல போகணும். நான் எதுவும் சொல்லல," என்றார்.

பஸ்ஸில் போக நேரமில்லை, ஆட்டோவில் போனாள். குடோன் வாசலில் தகரக் கூரையின் வெக்கை முகத்தில் அறைந்தது. லாரி முன்னாலேயே வந்துவிட்டிருந்தது, எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றது. கேட்டுக்கு நேர் குறுக்கே, கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் பெட்டிமேல் ஐஸ்காரர் உட்கார்ந்திருந்தார். உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம், அதனால் வெளியே உட்கார்ந்திருக்கிறார். மடியில் நோட்டு.

"அண்ணே, என்னை ஏண்ணே சோதிக்கிற?" என்று லாரிக்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தார். "நான் வண்டி ஓட்டுறவன். ஏத்துன்னா ஏத்துவேன், இறக்குன்னா இறக்குவேன். கொஞ்சம் தள்ளி உக்காரு."

"என் மேல ஏத்திட்டுப் போ."

"ஏண்ணே இப்படி வாயில வர்றதெல்லாம் பேசுற!"

போர்டம்மா கணவர் முன்னால் போய் நின்றாள். ஆட்டோவில் வரும்போது எப்படிச் சொல்வதென்று பத்து விதமாக யோசித்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. நேராகப் போட்டு உடைத்தாள்.

"உங்க நோட்டுதான் சரி. போர்டு வியாழக்கிழமையே செத்துப்போச்சு. செத்தது யாருக்கும் தெரியாம மறைச்சு வச்சது நான். மேனேஜர் சொன்னார்னு எட்டு மாசத்துக்கு முன்னாடி பட்டையையும் நேரத்தையும் மூடிட்டேன்."

அவர் எழுந்தார். வெயிலில் முகம் கருத்துப்போயிருந்தது. லாரிக்காரரும் வாட்ச்மேனும் கொஞ்சம் ஒதுங்கினார்கள்.

"ஏழு தடவை," என்றார். "ஏழு தடவை ஃபோன் பண்ணினேன். ராத்திரி பகல்னு அந்தக் கதவு முன்னாடி நின்னேன். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தெரியுமா? நம்ம கண்ணுதான் போச்சோ, நாமதான் கிறுக்கனாயிட்டோமோன்னு வீட்டுத் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் வச்சுப் பார்த்தேன். காலையில என் முகத்தைப் பார்த்துச் சொன்னியே, போர்டு தானா எதையும் சொல்லாதுன்னு."

"சொன்னேன்."

"வேற எவனாவது என்னைப் பொய்யனாக்கியிருந்தா சட்டையைப் பிடிச்சிருப்பேன். உன்னை என்ன பண்றது?"

அழுதால் பேச்சு நின்றுவிடும், பேச்சு நின்றால் லாரி போய்விடும். "என்னை அப்புறம் திட்டுங்க. ஒரு வாரம் திட்டுங்க. இப்ப நான் உள்ள போகணும். பத்து நிமிஷம் இந்த லாரி நகரக்கூடாது."

"அது நகராது. நீ போ," என்று பெட்டியில் திரும்பவும் உட்கார்ந்தார். "என்கிட்ட பேசாதே."

குடோன் அறையில் இணைப்புப் பெட்டி ஒரு பழைய மேசைக்கடியில் தூசியோடு கிடந்தது. பெரியவர் விட்டுப்போன டீ கிளாஸ் ஒன்று மேலே. பெயர் கேட்டது, தன் பெயரை அடித்தாள். கடவுச்சொல் கேட்டது, அடித்தாள். 'உங்கள் பெயரில் இணைக்கப்படும், சம்மதமா' என்று கேட்டது. நாளைக்கு யார் செய்தது என்று தேடினால் அவள் பெயர்தான் அதில் நிற்கும். நிற்கட்டும். பிறகு ஃபோனில் போர்டைத் திறந்து, இரண்டு வெள்ளைக் கட்டத்தையும் பிடுங்கி எறிந்தாள். புதுப்பித்தாள்.

சக்கரம் சுற்றியது. இந்தத் தடவை நிற்காமல் சுற்றியது.

மூன்றாம் அறையின் நேர்கோடு முதலில் கலைந்தது. வெள்ளி இரவில் மெல்லத் தலையைத் தூக்கியது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒன்பது. எட்டு மணிக்குப் பதினொன்று. மத்தியானம் இரண்டு மணிக்குப் பதினாலு புள்ளி ஒன்று. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஒட்டகத்தின் திமில் மாதிரி ஏறி, ஞாயிறு சாயங்காலம் மெக்கானிக் வந்த நேரத்தில் இறங்கியது. நீல நோட்டில் இருந்ததற்கும் இதற்கும் ஒரு புள்ளிக்கு மேல் வித்தியாசமில்லை.

தலைமை அலுவலக முன்கூடத்தில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்க, அந்தப் பெரிய திரையும் அதே நிமிஷம் சிவந்திருக்கும்.

முதலில் மேனேஜர் கூப்பிட்டார். "என்னம்மா பண்ணித் தொலைச்சீங்க?"

"இணைப்பைச் சரி பண்ணினேன் சார். எனக்கு அதுதானே வேலை?"

அடுத்து முதலாளியம்மா. அவர் யாரையும் நேரில் கூப்பிட்டதில்லை. "மூணாவது ரூம் சிவப்பா இருக்கே. இது எப்ப நடந்தது?"

"சனிக்கிழமை மேடம்."

"எனக்கு இன்னிக்குத்தானே காட்டுது?"

"ஆமா மேடம். ஆனா உங்க குளிர் அறைப் பொறுப்பாளர் சனிக்கிழமையே சொன்னார். யாரும் காதுல வாங்கல."

முதலாளியம்மா லாரிக்காரரிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னார். இரண்டு நிமிஷத்தில் லாரி பின்னாலேயே போய்த் திரும்பி, ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு காலியாகப் போனது. ஐஸ்காரர் பெட்டியிலிருந்து எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். அவளுக்காகக் காத்திராமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். கம்பெனிகளில் உப்பைத் தின்கிறவன் ஒருவன், தண்ணீர் குடிக்கிறவன் வேறொருவன்.

ஆறு மணிக்கு வாட்ச்மேன் சைக்கிளில் வந்தார். இரண்டு உறை. ஒன்று ஐஸ்காரருக்கு: நேற்றைய கடிதத்தை ரத்து செய்கிறோம், நாளை வேலைக்கு வரவும். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கேயும் கிடையாது. இன்னொன்று போர்டம்மாவுக்கு. அதே தாள், அதே நாலு வரி. தன் சொந்த முடிவில் போர்டின் எச்சரிக்கைகளை மறைத்து வைத்தது தன்னுடைய கவனக்குறைவுதான் என்று ஒப்புக்கொள்கிறார். கீழே கோடு. அனுப்பியவர் கையெழுத்து மேனேஜருடையது. ஆள் நாற்காலியில் அப்படியே இருந்தார்.

"வேலியே பயிரை மேய்ஞ்சுட்டு, இப்ப மாடு மேல கேஸு போடுதா?" என்று அக்கா கத்தரிக்கோலை மேசையில் அடித்தாள். "கையெழுத்து போடாதேம்மா. கிழிச்சுப் போடு. அவன் மூஞ்சியில எறி."

"மறைச்சது நிஜம்தானே அண்ணி."

"மறைக்கச் சொன்னது?"

"அதுவும் நிஜம்."

ஐஸ்காரர் தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் சோறு இறங்கியது. வந்ததிலிருந்து மனைவியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேச்சுக் கொடுக்கவில்லை. பேசாதே என்று சொன்னவரிடம் போய் நிற்க அவளுக்கும் ரோஷம் இருந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். 'தன் சொந்த முடிவில்' என்ற மூன்று சொல்லையும் அழுத்தி அடித்தாள், தாள் கிழிகிற அளவுக்கு. கோட்டுக்கு மேலே தன் கையெழுத்தில் எழுத ஆரம்பித்தாள். 'மறைத்தது நான். மறைக்கச் சொன்னவர் மேனேஜர், என் மேசைக்கு வந்து, வாய்வார்த்தையாக. இணைப்பு அறுந்ததை இன்று மதியம் அவரிடம் சொன்னேன். நாளை சரி செய், இன்று லாரி போகட்டும் என்றார்.' நிறுத்திப் படித்துப் பார்த்தாள். முதலாளியம்மாவுக்கு ஒரு நகல், மருந்து வாங்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு நகல் என்று கீழே சேர்த்தாள். இதை எழுதிவிட்டு நாளைக்கு அந்த மேசைக்குப் போக முடியாது. அது அவளுக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா மெஷினை மிதிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டு மூடியை மாட்டப் போனாள்.

ஐஸ்காரர் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதும் படித்தார். அவர் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. இன்னும் கோபமான மூச்சுதான்.

"மதியம்னா எத்தனை மணி?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நேரத்தைப் போடு," என்றார். "நேரம் இல்லாம எதையும் எழுதாதே."

அவள் மூடியைக் கழற்றி, 'மதியம்' என்பதற்குப் பக்கத்தில் 1.30 என்று எழுதினாள்.